அந்தமான் மாமாவுக்குக் குழிவு வெட்டிய நாள்

உயிரோடு இருந்த ஒரு மனிதரை நான் செத்தவராக்கினேன். அப்போது எனக்குப் பதினோரு வயது. அதைச் சின்னப்பிள்ளை புத்தி என்று நீங்கள் தள்ளிவிடக்கூடும். நாலு மாதம் கழித்து, நேருக்கு நேர் கேட்டபோது பொய் சொன்னேன். அதைத் தள்ளிவிட முடியாது. எழுபது கடந்தவர்கள் படிக்கிற இடம் என்பதால்தான் இங்கே எழுதுகிறேன். இளையவர்களிடம் சொன்னால், ஒரு படத்தைத் திருப்பி வைத்ததற்கா இத்தனை வருஷ வேதனை என்று கேட்பார்கள்.

அந்த ஒரு வருஷம் மட்டும் நான் கடலூர் முதுநகரில் சித்தப்பா வீட்டில் தங்கிப் படித்தேன். எங்கள் ஊர் பண்ருட்டியை அடுத்த அண்ணாகிராமத்துப் பக்கம். சித்தப்பாவுக்கு ரயில்வேயில் ஃபிட்டர் வேலை. ஷிஃப்ட் இல்லாத நேரத்தில் வீட்டுக்குப் பின்னால் இருந்த தகரக் கொட்டகையில் படங்களுக்குச் சட்டம் போடுவார். மூடிப்போன எண்ணெய் மில் ஒன்றிலிருந்து மோட்டார் வாங்கி, மேலே ஒரு மேசையைப் பூட்டி, நடுவிலிருந்த பிளவு வழியாக வட்ட ரம்பம் தலையை நீட்டும்படி அவரே செய்துகொண்ட இயந்திரம் அது. மரம் பெரும்பாலும் பண்ருட்டிப் பக்கத்துப் பலா. ஓட ஆரம்பித்தால் கொட்டகை முழுக்க மஞ்சள் தூள் பறக்கும். சித்தப்பாவின் இமைமயிர்கூட மஞ்சளாகிவிடும்.

அவரிடம் இரண்டு விதச் சட்டம்தான் உண்டு. கல்யாணப் படம், குழந்தைப் படம், அதாவது இருப்பவர்கள் படத்துக்கு மேடாக, வயிறு வைத்தது போன்ற சட்டம். இறந்தவர்களுக்குக் குழிவுச் சட்டம். சட்டத்தின் நீளம் முழுக்கக் கிண்ணத்தை வழித்தது போல ஒரு பள்ளம் ஓடும். அந்தப் பள்ளத்தில் பூச்சரம் நழுவாமல் உட்காரும், சந்தனமும் குங்குமமும் கண்ணாடியில் வழியாது என்பது அவர் சொன்ன காரணம்.

கொட்டகை வாசலில் ஒரு மரப்பெட்டி கிடக்கும். படம் கொண்டுவருபவர்கள் அதன்மேல் வைத்துவிட்டுப் போவார்கள். முகம் மேலே பார்க்க வைத்தால் இருப்பவர். கவிழ்த்து வைத்தால் இறந்தவர். கவிழ்த்து வைத்தவர்களிடம் சித்தப்பா ஒரு வார்த்தை கேட்க மாட்டார். சட்டம் போட்டு, வெள்ளைத் துண்டில் சுற்றி, மறுநாள் விடியற்காலையில் அவர்கள் வாசலில் சாத்திவிட்டு, கூப்பிடாமல் வந்துவிடுவார். வாயால் சொல்ல முடியாதவர்களுக்கு அது ஒரு உதவி என்று நினைத்தார். அந்த வட்டாரத்தில் எல்லோருக்கும் இந்த முறை தெரியும்.

குழிவு வெட்டுவதைப் பார்ப்பதற்கு நான் பைத்தியமாக இருந்தேன். சாதாரணமாகப் பலகையை ரம்பத்துக்கு நேராகத் தள்ளினால் அது இரண்டாகப் பிளக்கும். பல் கூசுகிற மாதிரி கீச்சிடும். குழிவுக்கு அப்படி இல்லை. மேசையின் குறுக்கே ஒரு கட்டையைச் சாய்வாக வைத்து இரண்டு பக்கமும் திருகி இறுக்குவார். ரம்பத்தை ஒரு நெல் கனத்துக்குத்தான் மேலே தூக்குவார். பலகையை அந்தச் சாய்வுக் கட்டையோடு ஒட்டித் தள்ளும்போது அது ரம்பத்தின் மேல் பக்கவாட்டில் ஏறிக் கடக்கும். ரம்பம் வெட்டாது, தேங்காய் வழிப்பது போல வழிக்கும். இன்னொரு நெல் கனம் தூக்குவார், இன்னொரு முறை தள்ளுவார். பத்துப் பன்னிரண்டு தடவை. அவசரப்பட்டால் பலகை எகிறிவிடும். குழிவு வெட்டும் நாளில் மட்டும் குளித்துச் சட்டை போட்டுக்கொண்டுதான் மோட்டாரைப் போடுவார். முடிந்ததும் வளைந்த தகட்டால் பல் தடங்களைச் சுரண்டி, உப்புத்தாள் தேய்த்து, கண்ணை மூடிக்கொண்டு கட்டைவிரலால் தடவிப் பார்ப்பார்.

அப்போது வருகிற சத்தம் கீச்சு இல்லை. வாயை மூடிக்கொண்டு யாரோ ம்ம்ம் என்று முனகுவது போல இருக்கும். தெருவில் எல்லோருக்கும் அது தெரியும். அது கேட்டால் தண்ணீர் இறைக்கும் பெண்கள் கயிற்றை நிறுத்திவிட்டு, இன்றைக்கு யாருக்கோ என்பார்கள்.

அத்தை எங்களுக்குப் பின்தெரு. சொந்த அத்தை இல்லை. சித்தப்பா அவரைத் தங்கச்சி என்பார், அதனால் எனக்கு அத்தை. இருபத்துநாலு இருபத்தைந்து வயதிருக்கும். பலா ஊரிலிருந்து வந்தவன் என்பதால் என்னைப் பலாக்கொட்டை என்றுதான் கூப்பிடுவார். அவர் கணவர் அந்தமானில் மரம் வெட்டும் முகாமுக்கு வேலைக்குப் போயிருந்தார். நான் முதுநகருக்கு வருவதற்கு முன்பே கப்பலேறிவிட்டார். முதலில் மாதம் ஒரு கடிதம் வந்தது. பிறகு நின்றது. ஐப்பசி பிறந்தபோது கடிதம் வந்து ஐந்து மாதம் ஆகியிருந்தது.

ஒரு மத்தியானம், சித்தப்பா ஷிஃப்டுக்குப் போயிருந்தபோது, அத்தை ஒரு படத்தோடு வந்தார். அவர் கணவர் கப்பலேறுவதற்கு முன் ஸ்டூடியோவில் எடுத்தது. கோடு போட்ட சட்டை. வெளிச்சத்துக்கு ஒரு கண் கொஞ்சம் சுருங்கியிருந்தது. முகம் மேலே இருக்கப் பெட்டியின்மேல் வைத்தார். காற்றில் பறக்காமல் இருக்க ஒரு மரச்சில்லை எடுத்து ஓரத்தில் பாரமாக வைத்தார்.

"பலாக்கொட்ட மருமவனே, உங்க மாமன இங்க உக்கார வச்சிருக்கேன். எறும்பு கடிக்காம பாத்துக்க. கண்ணு முன்னாடி மாட்டிட்டா கடுதாசி தானா வந்துடும்."

சிரித்துக்கொண்டே போனார்.

அந்த மூன்று வாரமாக எங்கள் வட்டாரத்தில் யாரும் சாகவில்லை. குழிவே வெட்டப்படவில்லை. தினமும் பள்ளிக்கூடத்திலிருந்து வந்ததும் பெட்டியைப் பார்ப்பேன். எல்லாப் படமும் முகத்தைக் காட்டிக்கொண்டு கிடக்கும். எனக்கு அந்த முனகலைக் கேட்க வேண்டும் போல இருந்தது. அதைவிடப் பெரிய காரணம் ஏதும் இல்லை. அத்தைமேல் கோபமா என்றால், இல்லை. சில்லை எடுத்தேன், படத்தைக் கவிழ்த்தேன், சில்லைத் திரும்ப வைத்தேன். ஒரு தோசையைத் திருப்பிப் போடுகிற நேரம்கூட ஆகவில்லை. வெட்டி முடித்ததும் உண்மையைச் சொல்லிவிடலாம் என்று நினைத்ததாக ரொம்ப காலம் எனக்கே சொல்லிக்கொண்டிருந்தேன். அப்படியெல்லாம் ஒன்றும் நினைக்கவில்லை.

சாயங்காலம் வந்த சித்தப்பா கவிழ்ந்த படத்தை எடுத்துத் திருப்பினார். அப்படியே பெட்டியின்மேல் உட்கார்ந்துவிட்டார். சித்தி விஷயம் கேட்டு, உடனே அத்தை வீட்டுக்கு ஓடப் பார்த்தார். சித்தப்பா தடுத்தார். அது வாய் திறந்து சொல்ல முடியாமல்தானே வைத்துவிட்டுப் போயிருக்கிறது, நாம் போய்க் கேட்டால் கொல்வது போல ஆகாதா என்றார். சித்தி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு உள்ளே போனார்.

மறுநாள் காலை சித்தப்பா சட்டை போட்டுக்கொண்டு மோட்டாரைப் போட்டார். நான் கேட்க ஆசைப்பட்ட சத்தம் வந்தது. ஆனால் நான் பலகையைப் பார்க்கவில்லை. மேசையோரத்தில் மாமாவின் படம் கவிழ்ந்து கிடந்தது. ஒவ்வொரு முறை பலகை ரம்பத்தின்மேல் ஏறும்போதும் அதிர்வில் அந்தப் படம் ஒரு நூல் நகர்ந்தது. கொஞ்சம் கொஞ்சமாக, யாரோ அடியில் இருந்து தள்ளுவது போல, விளிம்பை நோக்கி வந்தது. கீழே விழுவதற்கு முன் சித்தப்பா எடுத்து நடுவில் வைத்தார். அது மறுபடி நகர ஆரம்பித்தது.

நான் பயந்துபோய் வெளியே வந்தேன். கொல்லைச் சுவருக்கு அந்தப் பக்கம் அத்தையின் தலை தெரிந்தது. நெற்றியில் பெரிய குங்குமம். ஈரத் தலையில் துண்டு.

"யாருக்குடா இன்னிக்கு?" என்றார்.

"தெரியல அத்தை."

"பாவம், யாரு பெத்த புள்ளயோ" என்று சொல்லிவிட்டுத் துணி உலர்த்தப் போனார்.

சாயங்காலம் கண்ணாடி பொருத்தியதும் சித்தப்பா படத்தை நிமிர்த்தி ஒரே ஒரு தடவை பார்த்தார். "போய்ட்டு வா மச்சான்" என்றார். விடியற்காலையில் துண்டில் சுற்றி எடுத்துப் போய் அத்தை வாசலில் சாத்திவிட்டு வந்தார். நான் பாயில் விழித்துக்கொண்டு படுத்திருந்தேன். வெகுநேரம் எந்தச் சத்தமும் இல்லை. பிறகு பித்தளைக் குடம் ஒன்று தரையில் உருளும் சத்தம் கேட்டது. அதன் பிறகுதான் அழுகை.

சித்தப்பா திண்டில் சாய்ந்துகொண்டு, இப்போதுதான் அதுக்கு அழுகை வந்திருக்கிறது, அழட்டும் என்று சித்தியிடம் சொன்னார். சட்டம் அத்தையின் துக்கத்தைத் திறந்துவிட்டது என்று நினைத்தார். அத்தையோ அந்தச் சட்டத்தைத்தான் செய்தி என்று எடுத்துக்கொண்டார். ரயில்வேயில் இருப்பவர், துறைமுகத்தில் ஆள் தெரிந்தவர், ஏதோ கேள்விப்பட்டு, சொல்ல வாய் வராமல் இப்படிச் சொல்லியிருக்கிறார் என்று நம்பினார். அத்தை சொல்லிவிட்டார் என்று சித்தப்பாவும், சித்தப்பா சொல்லிவிட்டார் என்று அத்தையும். துக்கத்தைப் பற்றிக் கேட்கக் கூடாது என்ற மரியாதையினால் யாரும் யாரையும் கேட்கவில்லை. உடல் இல்லாததால் தர்ப்பையில் ஓர் உருவம் செய்து காரியம் முடித்தார்கள். நான் அதற்கும் போய் நின்றேன். அத்தை என்னைப் பார்த்தார். பலாக்கொட்டை என்று கூப்பிடவில்லை.

மாசி மாதம், ஒரு ஞாயிற்றுக்கிழமை. நல்ல வெயில். கொட்டகையில் நான் மரத்தூளைக் கூட்டிக்கொண்டிருந்தேன். வாசலில் நிழல் விழுந்தது. நிமிர்ந்தால், படத்தில் இருந்தவர் நின்றுகொண்டிருந்தார்.

அவரை நான் அதற்கு முன் பார்த்ததே இல்லை. படத்தில் பார்த்ததுதான். அதே கோடு போட்ட சட்டை, இப்போது தொளதொளவென்று தொங்கியது. வெயிலுக்கு அதே ஒரு கண் சுருங்கியிருந்தது. கண்ணின் வெள்ளை மஞ்சளாக இருந்தது. தோளில் தகரப் பெட்டி.

"நீதான் அந்தப் பலாக்கொட்டயா? உங்கத்த கடுதாசில எழுதியிருந்தா. சித்தப்பா ஷிஃப்டா?"

தலையாட்டினேன். வீட்டில் என்ன மாட்டியிருக்கிறது என்று அப்போதாவது சொல்லியிருக்கலாம். அவர் பெட்டியைத் தோள் மாற்றிக்கொண்டு பின்தெருவுக்கு நடந்தார். தெருவில் பேச்சு நின்றது. ஒரு பெண் விளையாடிக்கொண்டிருந்த குழந்தையைக் கையைப் பிடித்து உள்ளே இழுத்தாள். ஒரு கதவு சாத்தப்பட்டது, பிறகு இன்னொன்று. அவர் இரண்டு பக்கமும் பார்த்துச் சிரித்துக்கொண்டே போனார். ஒருவரும் திரும்பச் சிரிக்கவில்லை.

நடந்ததைச் சித்தி பிறகு சொன்னார். மாமா காட்டுக் காய்ச்சலில் எட்டு மாதம் ஆஸ்பத்திரியில் கிடந்திருக்கிறார். கடிதம் எழுத ஆள் இல்லை. வீட்டுக்குள் நுழைந்தவர் முதலில் பார்த்தது சுவரில் மாலையோடு இருந்த தன் முகத்தை. கீழே விளக்கு எரிந்துகொண்டிருந்தது. எதிரே வெறும் நெற்றியோடு அத்தை.

மறுநாள் காலை நாங்கள் ஐந்து பேரும் கொட்டகையில் நின்றோம். மாமா நிதானமாகத்தான் கேட்டார்.

"மச்சான், நான் செத்துட்டன்னு உனக்கு யாரு சொன்னா?"

"யாரும் சொல்லல. தங்கச்சி படத்தக் கவுத்து வச்சிட்டுப் போச்சி. அதான்."

"நானா?" என்றார் அத்தை. "நான் நேராத்தான் வச்சேன். நீங்க ஏதோ சேதி கேட்டுட்டு இப்பிடி அனுப்பிட்டீங்கன்னு இல்ல நெனச்சேன்."

"கவுந்துதாம்மா இருந்துச்சி. நான் எதுக்குப் பொய் சொல்றேன்?"

காற்றில் புரண்டிருக்குமோ என்று சித்தி மெல்லச் சொன்னார். சித்தப்பா நேர்மையானவர். மேலே மரச்சில்லு பாரமாக இருந்தது, காற்றில் புரள வழியில்லை என்று சொன்னார்.

அத்தை என் பக்கம் திரும்பினார். அவர் முகத்தில் ஒரு தெளிவு வந்தது. "புள்ள இங்கதான நின்னான். அவன் பாத்தான். அவனக் கேளுங்க."

நாலு பேரும் என்னைப் பார்த்தார்கள். சித்தப்பா குனிந்து என் தோளைத் தொட்டார்.

"பயப்படாம சொல்லுடா. அத்த எப்பிடி வச்சாங்க?"

"கவுத்துதான் வச்சாங்க" என்றேன்.

மாமா, மேசையில் கிடந்த பாதி முடிந்த குழிவுச் சட்டத்தைக் கட்டைவிரலால் மெதுவாகத் தடவினார். "நல்லா வெட்டுற மச்சான். ஒரு பல்லுத் தடம் தெரியல" என்று சொல்லிவிட்டு வெளியே போனார்.

பெரியவர்கள் சேர்ந்து, காரியம் செய்யப்பட்டவரைத் திரும்ப வீட்டுக்குள் சேர்க்கிற சடங்கு ஒன்றைச் செய்தார்கள். கடலில் முழுக்காட்டி, புது வேட்டி கொடுத்து, மறுபடி தாலி கட்டவைத்தார்கள். எல்லாவற்றுக்கும் அவர் உட்கார்ந்தார். ஆனால் அத்தை தட்டு வைத்தால், "செத்தவனுக்கு எதுக்கு ரசம்?" என்பாராம். வேடிக்கையாகச் சொல்வது போலத்தான் இருக்குமாம். எட்டாம் நாள் மறுபடி அந்தமானுக்குப் போனார். திரும்பி வரவே இல்லை. பதினோரு வருஷம் கழித்து அங்கேயே இறந்த செய்தி சித்தப்பாவுக்கு வந்தது. இந்தத் தடவை சித்தப்பா நேரில் போய் அத்தையிடம் தன் வாயால் சொன்னார்.

நான் முழுப்பரீட்சை முடிந்ததும் ஊருக்குப் போய்விட்டேன். பிறகு சிதம்பரத்தில் படித்தேன், அங்கேயே முப்பது வருஷம் கல்லூரியில் பாடம் நடத்தினேன். சித்தப்பா அந்த மரப்பெட்டியை உடைத்துப் போட்டார், அதன்பின் குழிவு வெட்டவே இல்லை என்று கேள்விப்பட்டேன். அத்தைதான் கவிழ்த்து வைத்தார் என்று நம்பியபடியே அவரும் போய்ச் சேர்ந்தார். அவரிடம் சொல்ல எனக்கு நாற்பது வருஷம் அவகாசம் இருந்தது.

போன வருஷம் என் மனைவி இறந்தாள். அவள் படத்துக்குச் சட்டம் போட மேலவீதிப் பக்கம் ஒரு கடைக்குப் போனேன். பையன் ஒருவன் பிளாஸ்டிக் சட்டத் துண்டுகளை எடுத்துப் போட்டான். எல்லாவற்றிலும் குழிவு இருந்தது. "எது சார் வேணும்? கல்யாணத்துக்கும் இதுதான், இதுக்கும் இதுதான்" என்றான். கையில் அவள் படத்தை வைத்துக்கொண்டு, அதை மேசையின்மேல் எப்படி வைப்பது என்று தெரியாமல் நின்றேன். மேலே பார்க்கவா, கவிழ்த்தா. பையன் கை நீட்டிக்கொண்டு காத்திருந்தான். வாங்காமலே வந்துவிட்டேன். அந்த வாரமே அத்தையைத் தேட ஆரம்பித்தேன்.

ரொம்பத் தேட வேண்டியிருக்கவில்லை. சிதம்பரத்திலேயே, என் வீட்டிலிருந்து பத்து நிமிஷ நடையில், தங்கை மகளோடு இருந்தார். எத்தனை வருஷமாக என்று கேட்டேன். பன்னிரண்டு என்றார்கள்.

எண்பத்தேழு வயது. நினைவு அப்போது தெளிவாக இருந்தது. உட்கார்ந்து, சுற்றி வளைக்காமல் சொன்னேன். அவர் திட்டவில்லை, அழவும் இல்லை. இன்னொரு தடவை சொல்லச் சொன்னார். சொன்னேன். வலது கையை மடியில் வைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

"எல்லாரும் சொன்னாங்க. புள்ள பொய் சொல்லுமா, கண்ணால பாத்தவன்னு சொன்னாங்க. ஒரு கட்டத்துல நானே நம்பிட்டேன்டா. உள்ளுக்குள்ள எங்கியோ அவுரு சாவணும்னு நெனச்சிருக்கேன், அதான் கை தன்னால கவுத்து வச்சிடுச்சின்னு. இந்தக் கையால ஒரு வெளக்கு ஏத்த பயந்திருக்கேன்."

அவர் அடுப்பை அணைத்தால் இரண்டு தடவை போய்ப் பார்ப்பார், யாருக்காவது மாத்திரை எடுத்துக் கொடுக்கச் சொன்னால் மாட்டார், பிள்ளைகளைத் தூக்கவே மாட்டார் என்று தங்கை மகள் சொன்னாள். வயசானதால் என்று நினைத்தார்களாம். தனக்கு நினைவு தெரிந்த நாளிலிருந்து அப்படித்தானே இருந்தார் என்று அவளே பிறகு யோசித்துச் சொன்னாள்.

நான் என்ன செய்ய வேண்டும் என்று கேட்டேன். எல்லாரிடமும் சொல் என்றார். அன்றைக்கே தங்கை மகளைக் கூப்பிட்டு அவள் முன்னால் சொல்லவைத்தார். அடுத்த வெள்ளிக்கிழமை பக்கத்து வீட்டுக்காரர்களை. அதற்கடுத்து முதுநகரிலிருந்து வந்த ஒரு உறவினரை. "சொல்லு மருமவனே" என்பார். நான் சொல்வேன். அவர்கள் என்னை ஒரு மாதிரி பார்ப்பார்கள். அத்தை ஒவ்வொருவர் முகத்தையும் கவனமாகப் பார்ப்பார். ஏழெட்டு மாதம் எல்லா வெள்ளியும் போனேன். அவருக்கு முகம் தெளிந்து வந்தது. ஒரு நாள் எனக்குத் தன் கையாலேயே காப்பி ஆற்றிக் கொடுத்தார். என் வாழ்க்கையில் ஒரு காரியத்தைச் சரியாகச் செய்துவிட்டேன் என்று அன்று வீடு திரும்பும்போது நினைத்தேன்.

பிறகு அவருக்கு நினைவு தவற ஆரம்பித்தது. முதலில் நேற்று நடந்தது போயிற்று, பிறகு வருஷக்கணக்கில் போயிற்று. நான் சொன்னது மட்டும் போகவில்லை.

போன மாதம் தங்கை மகள் போன் செய்தாள். மூன்று நாளாக வாசல் கதவைச் சாத்த விடமாட்டேன் என்கிறார், மழை உள்ளே அடிக்கிறது, நீங்கள் சொன்னால் கேட்பார் என்றாள். போனை அவர் காதில் வைத்தாள்.

"மருமவனே, படத்த யாரு கவுத்து வச்சா?"

"நான்தான் அத்தை. நீங்க நேராத்தான் வச்சீங்க."

"அப்ப எம்மேல ஒண்ணும் இல்ல. அவுருக்குத் தெரிஞ்சா வந்துடுவாரு இல்ல?"

இன்னொரு முறை அவரிடம் பொய் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. "மாமா இல்ல அத்தை. அவரு போயி ரொம்ப வருஷம் ஆச்சு" என்றேன்.

அந்தப் பக்கம் மழைச் சத்தம் கேட்டது. பிறகு மெல்லிய சிரிப்பு. அறுபது வருஷத்துக்கு முன் கொட்டகை வாசலில் கேட்ட குரல் போலவே இளமையாக இருந்தது.

"நீ அன்னைக்கும் இப்பிடித்தான சொன்ன? அப்பறம் அவுரு வரலியா?"

"வந்தாரு அத்தை" என்றேன்.

"பின்ன என்னா" என்று சொல்லி போனைத் திருப்பிக் கொடுத்தார். கதவுப் பக்கம் யாரும் போகக் கூடாது என்று அவர் தங்கை மகளுக்கு உத்தரவிடுவது கேட்டது.